கீழிமை

முதலில் வருவது சத்தம்தான்.
அடப்பங்கொடிக்கு அடியில்
யாரோ பாலிதீன் பையைக் கசக்குவது போல.
குனிந்து பார்த்தால்
பாலிதீன் பையாகவே இருக்கும்.
கொட்டிவாக்கம் கடற்கரையில்
பத்துக்கு ஏழு முறை அப்படித்தான்.

மீதி மூன்றில் ஒன்று ஓணான்.
ஒன்று வெறும் காற்று.
கடைசி ஒன்றுக்காக
எட்டு மணி வெயிலில்
முழங்கால் மடித்து உட்கார்ந்திருக்கிறேன்,
படகுகளுக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் நடுவே,
நாற்பது பக்க நோட்டும் கட்டைப் பென்சிலுமாக.

நடைபாதை வரப்போகிறதாம்.
அதற்கு முன்
இங்கே என்னென்ன உயிர் என்று பட்டியல் வேண்டுமாம்.
ஒரு வரிக்கு ஐந்து கட்டம்:
தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, இனம்.
கடைசிக் கட்டம் காலியென்றால்
முன்னால் உள்ள நான்கையும் அடித்துவிடுவார்கள்.

அரணை என்று மட்டும் எழுதக் கூடாது.
எந்த அரணை?

முனவ்வர் நன்மங்கலம் காட்டில் இருக்கிறான்.
போனில் கேட்கிறான்:
முதுகுச் செதிலில் எத்தனை வரம்பு,
மூன்றா, ஐந்தா, ஏழா?
அரிசிக் குருணையளவு செதில்.
அதில் உழுத கோட்டை
ஓடுகிற முதுகில் எண்ண வேண்டும்.
வால் சிவப்பா?
சிவப்பென்றால் அது வேறு ஆள்,
பேருக்குக் கால் வைத்துக்கொண்டு
மண்ணுக்குள் நீந்துகிற குட்டி.
விலாவில் பட்டையா? பட்டைக்கு மேல் வெள்ளைக் கோடா?
தெரியலடா, தெரியல.
சரி, கீழிமையைப் பார் என்கிறான்.
செதில் மூடியிருந்தால் தோட்டத்தில் திரிவது.
கண்ணாடி பதித்திருந்தால்
இந்த மணலுக்கே பிறந்தது.

கீழிமையில் கண்ணாடி.
மணல் பறக்கும் நேரம்
கதவைச் சாத்திவிட்டு
சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்குமாம்.

நேற்று எடுத்த படம் பதினொன்று.
எட்டில் மணல்.
இரண்டில் வால் நுனி.
ஒன்றில் என் செருப்பு,
அதுதான் துல்லியமாக விழுந்திருக்கிறது.

"இன்னாமே தேடுற, தோடு வுழுந்துட்ச்சா?"
ஏகவல்லி, இடுப்பில் நெத்திலிக் கூடையோடு.
அரணை என்றேன்.
"பாம்புராணியா? கட்ச்சா மரணம்.
ஆனா கடிக்க வர்சொல்லோ
எதுக்கு வந்தோம்னு அதுக்கு மறந்துடும்."
சிரித்தாள். நானும்.
விஷமே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
விஷத்தையும் கொடுத்து
மறதியையும் கொடுத்து
யாரோ அதை நம்மிடமிருந்து
காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அப்போது வந்தது.
உடைந்த ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மேல்
எண்ணெய் தேய்த்த பித்தளை மாதிரி.
தொண்டை மட்டும் துடித்தது.
ஏகவல்லி கூடையை இறக்கவில்லை.
நான் மூச்சு விடவில்லை.
வரம்பை எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாவது கோடா, வெயிலா?
பக்கத்துப் படகில் யாரோ
வலையை உதறினார்கள்.
மணல் எழும்பி வந்தது.
அது கண்ணை மூடியது.

மூடிய கண்ணுக்குள்
கறுப்பாய் ஒரு துளி
அப்படியே நின்றது.
நின்றதா?
நிற்க வேண்டுமென்று நான் ஆசைப்பட்டேனா?
ஒன்று மட்டும் உறுதி:
அந்த அரை நொடியில் யாரோ என்னைப் பார்த்தார்கள்.
நிதானமாக,
எந்த இனம் என்று குழம்பாமல்.

பிறகு தெர்மாகோல் வெள்ளை மட்டும் இருந்தது.

தேதி எழுதினேன். நேரம், 8.20.
எண்ணிக்கை, ஒன்று.
இனம்: மணல் அரணை என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டு
கேள்விக்குறியை அழித்து
மறுபடி போட்டேன்.
கூட இருந்து பார்த்திருந்தாலும்
முனவ்வர் சண்டை போடுவான்.

ஏகவல்லி எட்டிப் பார்த்தாள்.
"இதுல இருந்தா வுட்டுருவாங்களா, இடிக்காம?"
தெரியாது என்றேன்.
"எங்க பேரு இருக்குதா?"

ஐந்து கட்டத்தையும் ஒருமுறை பார்த்தேன்.
கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு
அவள் நடந்துவிட்டாள்.
கறிக்கு வருகிறவர்கள்
எட்டரைக்கு மேல் நிற்க மாட்டார்கள்.

இடம் என்ற கட்டத்தில் எழுதியிருந்த
"கொட்டிவாக்கம் கடற்கரை"யை
எச்சில் தொட்டு அழித்தேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.
கிழிசலைச் சுற்றி, பொடியெழுத்தில்,
இப்படி எழுதினேன்:
ஏகவல்லியின் ஐஸ் பெட்டி,
மூடியின் தெற்கு ஓரம்.